பெங்களூரு மொட்டை மாடியும் ஓரியன் நெபுலாவும்: தொலைநோக்கி வாங்கும் முன் ஒரு விரிவான பதில்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மாரத்தஹள்ளியில் அபார்ட்மெண்ட், மொட்டை மாடிக்குப் போக அனுமதி உண்டு. கையில் ஒரு பழைய கேனான் டி.எஸ்.எல்.ஆர்., அதோடு வந்த 18-55 லென்ஸ், தனியாக வாங்கிய 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ். ஒரு லட்சம் வரை செலவு செய்யத் தயார். எந்தத் தொலைநோக்கி வாங்கினால் ஆண்ட்ரோமெடா கேலக்ஸியையும் ஓரியன் நெபுலாவையும் எடுக்கலாம், எடுத்ததைக் கணினியில் எப்படிப் பிராசஸ் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடுக்கலாம். ஆனால் தொலைநோக்கி வாங்காதீர்கள். முதல் வருடமாவது வேண்டாம்.

நெபுலாக்களும் (விண்வெளியில் உள்ள வாயு, தூசி மேகங்கள்) கேலக்ஸிகளும் நகரத்தில் கண்ணுக்குத் தெரியாததால் அவை மிகச் சிறியவை, பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று தோன்றும். விஷயம் அப்படியில்லை. முழு நிலவு வானத்தில் அரை டிகிரி அகலம். ஆண்ட்ரோமெடா கேலக்ஸி நீளவாக்கில் சுமார் 3 டிகிரி, அதாவது ஆறு நிலவுகளை வரிசையாக வைத்த நீளம். ஓரியன் நெபுலா ஒரு டிகிரி. கார்த்திகை விண்மீன் கூட்டம் கிட்டத்தட்ட 2 டிகிரி. இவை பெரியவை, ஆனால் மங்கலானவை. 1000 மி.மீ. குவியத் தூரமுள்ள ஒரு தொலைநோக்கியில் உங்கள் கேமராவை மாட்டினால் கிடைக்கும் பரப்பு 1.3 டிகிரிக்கு 0.85 டிகிரிதான். ஆண்ட்ரோமெடாவின் நடுப்பகுதி மட்டும் ஒரு வெள்ளைத் திட்டாக வந்து நிற்கும். அதே கேமராவில் 135 மி.மீ. லென்ஸ் போட்டால் சுமார் 9 டிகிரிக்கு 6 டிகிரி. கேலக்ஸி முழுதும், சுற்றியுள்ள விண்மீன்களும் அடங்கிவிடும்.

இன்னொரு காரணம் பூமியின் சுழற்சி. ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு ஆர்க் செகண்ட். வானம் நம் தலைக்கு மேல் ஒவ்வொரு வினாடியும் 15 ஆர்க் செகண்ட் நகர்கிறது. 50 மி.மீ. லென்ஸில் இது வினாடிக்கு ஏறத்தாழ ஒரு பிக்சல். 1000 மி.மீ. தொலைநோக்கியில் வினாடிக்குப் பதினெட்டு, இருபது பிக்சல். இந்த நகர்வை ஈடுகட்டுவது, குழாயைத் தாங்கித் திருப்பும் மவுண்டின் வேலை. நீளமான குழாய்க்கு அதைத் துல்லியமாகச் செய்யும் மவுண்ட், குழாயைவிடப் பல மடங்கு விலை. கடைகளில் "அஸ்ட்ரோ போட்டோகிராஃபிக்கு ஏற்றது" என்ற ஸ்டிக்கரோடு வரும் விலை குறைந்த தொலைநோக்கிகளில் பலவற்றின் மவுண்ட், மொட்டை மாடிக் காற்றுக்கே ஆடும். நிலவைப் பார்க்க, சனியின் வளையத்தைக் குழந்தைகளுக்குக் காட்ட அவை நல்லவை. அரை மணி நேரம் ஒரே புள்ளியைப் பிடித்து நிற்பது அவற்றால் ஆகாது.

ஆகவே உங்கள் பணம் போக வேண்டிய இடம் ஸ்டார் டிராக்கர். டிரைபாட்டுக்கும் கேமராவுக்கும் நடுவே உட்கார்ந்து, பூமி சுழலும் வேகத்தில் கேமராவை எதிர்த்திசையில் திருப்பும் சிறு மோட்டார் பெட்டி. ஸ்கைவாட்சரின் ஸ்டார் அட்வென்சரர், ஐஆப்ட்ரானின் ஸ்கைகைடர் இரண்டும் பலர் பயன்படுத்துபவை. அதோடு செகண்ட் ஹேண்டில் ஒரு 135 மி.மீ. லென்ஸ். மேனுவல் ஃபோகஸ் போதும், ஆட்டோ ஃபோகஸ் இங்கே எதற்கும் உதவாது. சம்யாங் 135 எஃப் 2 லென்ஸுக்கு இந்தத் துறையில் தனி மரியாதை உண்டு. இவற்றோடு இன்டர்வலோமீட்டர் என்ற தானியங்கி ஷட்டர் ரிமோட், லென்ஸில் பனி படியாமலிருக்க யு.எஸ்.பி.யில் ஓடும் ஹீட்டர் பட்டை, இரண்டு கூடுதல் பேட்டரி. டிரைபாட்டில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

டிராக்கர் வாங்கும்போது பெங்களூரு போன்ற தெற்கு ஊர்களுக்கே உரிய ஒரு சிக்கலைக் கவனியுங்கள். டிராக்கரின் அச்சு வானத்தின் வட துருவத்தை நோக்கி இருக்க வேண்டும். நாம் இருப்பது 13 டிகிரி அட்சரேகை. அதனால் துருவ நட்சத்திரமும் தொடுவானிலிருந்து 13 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். யூடியூபில் ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும் அண்ணாந்து பார்த்துத் துருவத்தைப் பிடிப்பதைப் பார்த்துவிட்டு மாடிக்குப் போனால், நமக்கு அந்த இடத்தில் எதிர் டவரின் பதினோராம் மாடி நிற்கும். வடக்கே கட்டடம் இல்லாவிட்டாலும் அந்த உயரத்தில் தூசியும் விளக்கொளியும் கலந்த மஞ்சள் திரைதான். அப்புறம் சில மவுண்ட்களை இவ்வளவு தாழ்வாகச் சாய்த்தால் எதிர் எடை மாட்டிய தண்டு டிரைபாடின் காலில் இடிக்கும். ஆகவே அது எத்தனை டிகிரி வரை சாயும் என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டே வாங்குங்கள். துருவ நட்சத்திரம் தெரியாத இடத்துக்கு வழி இருக்கிறது. கேமராவை லேப்டாப்பில் இணைத்து, நினா என்ற இலவச மென்பொருளில் மூன்று புள்ளி போலார் அலைன்மெண்ட் (அச்சைத் துருவத்தோடு பொருத்துவது) செய்யலாம். வானத்தின் எந்தப் பகுதியிலும், டிராக்கரின் அச்சில் கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி மூன்று படம் எடுத்தால், அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று அதுவே கணக்கிட்டுச் சொல்லும். கூடுதல் மென்பொருளோடு போராட வேண்டாம் என்றால், திசைகாட்டியை வைத்து வடக்கையும், போனில் உள்ள சாய்வுமானியை வைத்து 13 டிகிரியையும் பிடித்தாலே 50 மி.மீ. லென்ஸில் அரை நிமிட எக்ஸ்போஷர் பெரும்பாலும் தாங்கும். ஒரே ஒரு நிபந்தனை: போனின் காந்தமானி இரும்புக் கைப்பிடி அருகே பொய் சொல்லும், அதைவிட்டு நகர்ந்து நின்று பாருங்கள்.

இனி இருட்டு. கருவி எல்லாவற்றையும்விடப் படத்தைத் தீர்மானிப்பது இதுதான்.

வானத்தின் வெளிச்சத்தை ஒரு சதுர ஆர்க் செகண்டுக்கு இத்தனை மேக்னிட்யூட் என்று அளப்பார்கள். எண் கூடக் கூட இருட்டு. நகரத்தின் நடுவே இது 18 வாக்கில் இருக்கும், நல்ல இருட்டான கிராமத்தில் 21 இருக்கும். மூன்றுதானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். இது மடக்கை அளவு, மூன்று மேக்னிட்யூட் என்றால் 16 மடங்கு. மங்கலான ஒரு பொருளை எடுக்கும்போது நாய்ஸ் (படத்தில் மணல்போல் தெரியும் குறுணை) பெரும்பாலும் வானத்தின் வெளிச்சத்திலிருந்தே வருவதால், கணக்கு அப்படியே நேரத்தில் வந்து விழும். கிராமத்தில் 2 மணி நேரம் எடுத்ததற்குச் சமமான தரம் உங்கள் மாடியில் வேண்டுமென்றால் 32 மணி நேரம் எடுக்க வேண்டும். கே.ஆர். மார்க்கெட் இரைச்சலுக்கு நடுவே ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்க முயல்வது போன்ற வேலை அது. கேட்கவே முடியாது என்றில்லை, பக்கத்தில் நெடுநேரம் நிற்க வேண்டும். இதற்கு மேல் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு வெளிச்சம், வெளிவட்டச் சாலைப் பக்கம் ஒரு வெளிச்சம் என்று படத்தின் ஒவ்வொரு மூலையும் ஒவ்வொரு நிறத்தில் வரும் தலைவலி வேறு.

இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தலைமையகம் நம் கோரமங்களாவில்தான் இருக்கிறது. ஆனால் அவர்களுடைய பெரிய தொலைநோக்கிகள் இங்கே இல்லை. ஒன்று திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலைக் காவலூரில். 1986-இல் திறக்கப்பட்ட 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. இன்னொன்று லடாக்கின் ஹான்லேயில், சுமார் 4500 மீட்டர் உயரத்தில். ஹான்லே தொலைநோக்கியைப் பெங்களூருவை அடுத்த ஹொசகோட்டேயில் உட்கார்ந்துகொண்டு செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இயக்குகிறார்கள். அதாவது வானியலாளர்களே பெங்களூருவில் இருந்துகொண்டு வேறு ஊர் இருட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

நந்தி மலை, சாவனதுர்கா, கனகபுரா பக்கம் என்று நண்பர்கள் ஆலோசனை சொல்வார்கள். நந்தி மலைக்குப் பக்கத்திலேயே விமான நிலைய வெளிச்சம். மேலே விடுதியில் அறை எடுக்காதவர்களை இரவில் இருக்க விடவும் மாட்டார்கள். காட்டுப் பகுதிகளில் இருட்டிய பிறகு வனத்துறை அனுமதிப்பதில்லை, அனுமதிக்காததற்கு நியாயமும் இருக்கிறது. தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் இருட்டு அருமையாக இருக்கும், யானைகளும் அதே அளவுக்கு இருக்கும். தெரியாத ஊரின் சாலையோரத்தில் சிவப்பு டார்ச்சும் கருப்புப் பெட்டியுமாக நள்ளிரவில் நின்றால் ஊர்க்காரர்கள் வந்து விசாரிப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

நம்மவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது, பலர் அதை யோசிப்பதில்லை. பெங்களூருவில் இருக்கும் தமிழர்களில் ஏராளமானோருக்குச் சொந்த ஊர் தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பக்கம். தாத்தாவின் தோட்டமோ சித்தப்பா வீட்டுக் களத்துமேடோ, கரண்ட் இணைப்போடு, கழிவறையோடு, அதட்டிக் கேட்க ஆளில்லாமல் இருக்கிறது. ஊருக்குள் இருக்கும் ஒரே தெருவிளக்குக்கு முதுகைக் காட்டி வைத்துக்கொண்டால் போதும். பொங்கலுக்கும் தை அமாவாசைக்கும் எப்படியும் ஊருக்குப் போவீர்கள். கேமராப் பையையும் பஸ்ஸில் ஏற்றுங்கள். நிலவில்லாத இரவைக் கண்டுபிடிக்கத் தனி ஆப் எதுவும் வேண்டாம். வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரில் அமாவாசை போட்டிருக்கும், அதற்கு முன்னும் பின்னும் நான்கைந்து இரவுகள் நம்முடையவை. தீபாவளியும் அமாவாசையை ஒட்டித்தான் வருகிறது, ஆனால் அன்று வெடிப்புகையில் வானம் கிடைக்காது. அந்த இரவைப் பலகாரத்துக்கு விட்டுவிடுங்கள்.

வருடத்தில் எப்போது என்றால், ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை மேகம், அக்டோபரும் நவம்பரின் பெரும்பகுதியும் வடகிழக்குப் பருவமழை. நம்பி உட்காரக்கூடியது கார்த்திகை கடைசியிலிருந்து பங்குனி வரை. மார்கழியில் இருட்டியவுடன் ஆண்ட்ரோமெடா வடக்குப் பக்கம் அறுபது டிகிரி உயரத்தில் நிற்கும். நள்ளிரவுக்குள் மேற்கே தாழ்ந்துவிடும் என்பதால் அதை முதலில் முடியுங்கள். பிறகு கார்த்திகை, அதன் பிறகு ஓரியன். தை மாதத்தில் இரவு பத்து மணி வாக்கில் ஓரியன் நெபுலா தெற்கே 70 டிகிரிக்கு மேல் வந்துவிடும், இதைவிட நல்ல உயரம் எதிர்பார்க்க முடியாது. பால்வழியின் மையப்பகுதி உச்சத்தில் இருக்கும் ஜூன், ஜூலையில் நமக்கு மழை. அதனால் மாசி, பங்குனியில் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்துதான் அதைப் பிடிக்க வேண்டும்.

துருவ நட்சத்திரம் தாழ்ந்திருப்பதற்கு இழப்பீடாகத் தெற்கு வானம் நமக்கு நன்றாகக் கிடைக்கிறது. ஒமேகா சென்டாரி என்ற மாபெரும் கோளக் கொத்து (உருண்டையாகத் திரண்ட நட்சத்திரக் கூட்டம்), ஐரோப்பாவின் பெரும்பகுதிக்குத் தொடுவானுக்கு மேலேயே வராது. நமக்கு அது 30 டிகிரி உயரத்துக்கு வரும், சித்திரை மாதம் நள்ளிரவை ஒட்டி. கரீனா நெபுலா மாசி கடைசியில் தெற்கே 17 டிகிரியில் தலைகாட்டும். தெற்கே மலையோ தென்னந்தோப்போ மறைக்காத வயல் இருந்தால் அதையும் முயலலாம்.

படமெடுக்கும் இரவுக்கு வருவோம். கேமராவை முழு மேனுவலில் வையுங்கள். ரா கோப்பாக மட்டும் சேமியுங்கள், ஜேபெக் வேண்டாம். லென்ஸில் ஸ்டெபிலைசர் இருந்தால் அணைத்துவிடுங்கள். மெனுவில் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் என்று ஒன்று இருக்கும், அதையும் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் அதே நேரம் கேமரா சும்மா உட்கார்ந்திருக்கும், பாதி இரவு போய்விடும். ஐ.எஸ்.ஓ. 800 அல்லது 1600. எஃப் 1.8 லென்ஸ் ஆயிற்றே என்று முழுதாகத் திறந்து வைக்காதீர்கள், மூலைகளில் நட்சத்திரங்கள் சிறகு முளைத்த பூச்சிகளாக வரும். எஃப் 2.8-க்கு வந்தால் அடங்கிவிடும்.

ஃபோகஸில்தான் அதிக இரவுகள் வீணாகின்றன. லென்ஸில் போட்டிருக்கும் முடிவிலிக் குறியை நம்பாதீர்கள். சிரியஸ் மாதிரி ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும்வரை வளையத்தை மெதுவாகத் திருப்புங்கள். பாஹ்டினோவ் மாஸ்க் என்ற கோடு கோடாக வெட்டிய அட்டையை லென்ஸ் முன் வைத்தால் நட்சத்திரத்தைச் சுற்றி மூன்று கதிர்கள் தெரியும், நடுக்கதிர் சரியாக மையத்துக்கு வந்தால் ஃபோகஸ் சரி. பிறகு வளையத்தை ஒரு துண்டு டேப்பால் ஒட்டிவிடுங்கள். இரவு குளிரக் குளிர லென்ஸ் சுருங்கும், ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பாருங்கள்.

ஒரு ஃப்ரேம் எவ்வளவு நேரம் என்பதற்கு ஒரே விடை கிடையாது. கேமராவின் ஹிஸ்டோகிராமில் உள்ள மேடு இடது சுவரை விட்டு விலகி, கால் பங்கு தூரத்தில் வந்தால் போதும். கிராமத்தில் டிராக்கரோடு எஃப் 2.8-இல் இது ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் ஆகலாம். மாரத்தஹள்ளியில் பதினைந்து, இருபது வினாடியிலேயே வந்துவிடும். வெளிச்சமான வானத்தில் நீளமான எக்ஸ்போஷர் கொடுப்பதால் லாபம் எதுவும் இல்லை, நட்சத்திரங்கள் வெளுப்பதுதான் மிச்சம். முக்கியமானது மொத்த நேரம். ஒரே பொருளைப் பலமுறை எடுத்த ஃப்ரேம்களை மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுக்கும்போது நாய்ஸ், எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறைகிறது. நூறு ஃப்ரேம் அடுக்கினால் நாய்ஸ் பத்தில் ஒரு பங்கு. ஒரு மணி நேரத்தை நான்காக்கினால் பாதி, இன்னும் ஒரு பாதி வேண்டுமென்றால் பதினாறு மணி நேரம். ஒரே இரவில் ஆறு பொருட்களை எடுத்து வருவதைவிட ஒன்றிலேயே உட்காருவது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான். கால் மணிக்கு ஒரு முறை கேமராவை மிக இலேசாக ஒரு பக்கம் நகர்த்திவிடுங்கள். சென்சாரின் நிரந்தரப் புள்ளிகள் வெவ்வேறு இடங்களில் விழுந்து, அடுக்கும்போது தாமாகவே மறையும். இதைச் செய்யாமல் விட்டால் படம் முழுக்கச் சாய்வான மழைக்கோடுகள் வரும், பின்னால் எந்த மென்பொருளாலும் அதைச் சுத்தமாக எடுக்க முடியாது.

ஓரியன் நெபுலாவுக்கு மட்டும் ஒரு தனி ஏற்பாடு. அதன் மையம் மிகப் பிரகாசம், ஓரம் மிக மங்கல். நீண்ட ஃப்ரேம்களோடு இரண்டு மூன்று வினாடியில் ஒரு முப்பது ஃப்ரேம் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தனியாக அடுக்கி, மையத்தை மட்டும் இதிலிருந்து எடுத்துச் சேர்க்கலாம்.

விமானம் குறுக்கே போகிறதே, ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் வரிசை வருகிறதே என்று கவலைப்பட வேண்டாம். அடுக்கும் மென்பொருள் ஒவ்வொரு பிக்சலிலும் எல்லா ஃப்ரேம்களையும் ஒப்பிட்டு, ஒன்றிரண்டில் மட்டும் தென்படும் கோட்டைத் தள்ளிவிடும். வானத்தைச் சுட்டிக்காட்டப் பச்சை லேசர் மட்டும் வேண்டாம். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே எச்.ஏ.எல். விமான நிலையம், விமானிகளின் கண்ணுக்கு அது ஆபத்து.

எடுத்த கையோடு, கேமராவும் லென்ஸும் சேர்க்கும் குறைகளை மென்பொருள் கழிப்பதற்காக இன்னும் மூன்று வகை ஃப்ரேம்கள் வேண்டும். லென்ஸை மூடி, அதே ஐ.எஸ்.ஓ., அதே நேரம், அதே குளிரில் இருபது முப்பது டார்க். மூடியபடியே மிக வேகமான ஷட்டரில் ஐம்பது பயாஸ். மூன்றாவது ஃப்ளாட், பலரும் சோம்பல்பட்டு விடுவது இதைத்தான், ஆனால் நகரத்து வானத்தில் இதுதான் உயிர். லென்ஸ் மேல் வெள்ளை டீ-ஷர்ட்டைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, டேப்லெட்டின் வெள்ளைத் திரையை அதன் முன் வைத்து, கேமராவை ஏவி மோடில் போட்டு முப்பது படம். ஃபோகஸையும் கேமராவின் கோணத்தையும் அதுவரை தொடக் கூடாது. லென்ஸின் மூலை இருட்டையும் சென்சார் தூசியின் வட்டங்களையும் நீக்குவது இந்த ஃப்ரேம்கள்தான்.

பிராசஸிங்குக்கு முதலில் காசு செலவழிக்க வேண்டாம். சிரில் என்ற இலவச மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். அடுக்குவதற்கு மட்டும் என்றால் டீப்ஸ்கைஸ்டாக்கரும் இலவசம். பிக்ஸ்இன்சைட் மிகச் சக்தி வாய்ந்தது, காசு கொடுத்து வாங்க வேண்டியது, கற்க ஒரு வருடம் எடுக்கும். அதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். சிரிலில் லைட்ஸ், டார்க்ஸ், ஃப்ளாட்ஸ், பயாஸஸ் என்று நான்கு ஃபோல்டரில் கோப்புகளைப் போட்டு, அதோடு வரும் பிரீபிராசசிங் ஸ்கிரிப்டை ஓட்டினால் சீராக்குவது, நட்சத்திரங்களைப் பொருத்துவது, அடுக்குவது எல்லாம் அதுவே செய்துவிடும். நடுத்தர லேப்டாப்பில் சாப்பிட்டுவிட்டு வரும் நேரம் ஆகும்.

வந்து திறந்தால் படம் கறுப்பாக இருக்கும். பயப்படாதீர்கள். சென்சார் ஒளியை நேர்விகிதத்தில் பதிகிறது, நெபுலாவின் ஒளி முழுதும் இடது ஓரத்தில் மெல்லிய கீற்றாக ஒடுங்கிக் கிடக்கிறது. திரையில் மட்டும் ஆட்டோஸ்ட்ரெட்ச் (மங்கலானதை வெளிச்சமாக இழுத்துக் காட்டும் வசதி) போட்டுப் பார்த்தால் உள்ளே இருப்பது தெரியும். இந்த நிலையிலேயே, படத்தை நிரந்தரமாக இழுப்பதற்கு முன்பே, செய்ய வேண்டியவை சில. ஓரங்களை வெட்டுங்கள். பிறகு விளக்கொளியால் வந்த நிறச் சரிவை அகற்றுங்கள். சிரிலிலேயே இதற்கு வசதி உண்டு, கிராக்ஸ்பெர்ட் என்ற இலவச மென்பொருள் இன்னும் நன்றாகச் செய்கிறது. பின்புல மாதிரிப் புள்ளிகள் நெபுலாவின் மேல் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்தால் வெளிச்சத்தோடு நெபுலாவையும் துடைத்தெடுத்துவிடும். மூன்றாவதாக நிறம். படத்தில் உள்ள நட்சத்திரங்களை அடையாளம் கண்டு, கையா விண்கலம் அளந்த அவற்றின் நிறத்தோடு ஒப்பிட்டு, உங்கள் படத்தின் நிறத்தைச் சிரில் சரிசெய்யும். கண்ணால் நிறம் சரிசெய்வதைவிட இது எவ்வளவோ நம்பகமானது. மிஞ்சும் பச்சைச் சாயலை அதற்கென உள்ள பொத்தானால் குறைக்கலாம். நாய்ஸ் குறைப்பதையும் இங்கேயே, அளவாக.

அதற்குப் பிறகுதான் ஸ்ட்ரெட்ச். ஒரே இழுப்பில் கொண்டுவராமல் நான்கைந்து சிறு இழுப்புகளாகச் செய்யுங்கள். ஸ்டார்நெட் என்ற கருவியால் நட்சத்திரங்களைத் தனியாகப் பிரித்து, நெபுலாவை மட்டும் இழுத்து, நட்சத்திரங்களைக் கொஞ்சமாக இழுத்துத் திரும்பச் சேர்ப்பது இன்று பலரின் வழக்கம். நெபுலாவை மேலே கொண்டுவரும்போது நட்சத்திரங்கள் ஊதிப்போகாமல் இருக்க இதுதான் நல்ல வழி. பின்புலத்தை முழுக் கறுப்பாக்குவது தொடக்கத்தில் எல்லோருக்கும் வரும் ஆசை. 255-இல் 25 அளவுக்கு ஒரு அடர் சாம்பலில் விட்டால், ஓரியனைச் சுற்றியுள்ள தூசிப் படலம் பிழைக்கும். கறுப்பாக்கினால் கிராமத்துக்குப் போய்ச் சேர்த்த மங்கலான ஒளி அத்தனையும் அந்தக் கறுப்புக்குள் போய்விடும். நிறத்தைக் கூட்டும்போதும் இதே கணக்குதான். இரவு பதினொரு மணிக்கு அழகாகத் தெரியும் ஊதா, மறுநாள் காலை பார்த்தால் கல்யாண மண்டப சீரியல் செட். போன் ஆப்களில் உள்ள ஏ.ஐ. கூர்மையாக்கிகளின் பக்கம் போகாதீர்கள் என்பது என் கருத்து. நாய்ஸை நீக்குவது வேறு, கேலக்ஸியில் இல்லாத கரங்களை வரைவது வேறு. இரண்டாவது வகைப் படத்தை நான் புகைப்படமாகக் கணக்கில் எடுப்பதில்லை.

அப்படியானால் மாடியால் பயனே இல்லையா? இருக்கிறது, வேறு வகைப் பொருட்களுக்கு. ரோசெட், கலிபோர்னியா, குதிரைத்தலைக்குப் பின்னுள்ள சிவப்புத் திரை போன்ற நெபுலாக்கள், எல்லா நிறத்திலும் ஒளிர்வதில்லை. ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரிலும், ஆக்சிஜன் 500.7-ஐ ஒட்டியும் மெல்லிய கோடுகளாக ஒளிர்கின்றன. அந்த இரண்டை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கும் டூயல் பேண்ட் ஃபில்டர் போட்டால் நகர வெளிச்சத்தின் பெரும்பகுதி வெளியே நின்றுவிடும். நிலவு இருக்கும் இரவில்கூட எடுக்கலாம். தெருவில் சோடியம் விளக்குகள் இருந்த காலத்துக்குச் செய்த பழைய நகர ஃபில்டர்களை வாங்கிவிடாதீர்கள். எல்.இ.டி. எல்லா அலைநீளத்திலும் பரவலாக ஒளிவிடுகிறது, அவற்றால் அதைப் பிரிக்க முடியாது. டூயல் பேண்டிலும் ஒரு இடர்ப்பாடு உண்டு. உங்கள் கேனானின் சென்சார் முன் உள்ள கண்ணாடி, அந்த 656 நானோமீட்டர் சிவப்பில் பெரும்பகுதியை ஏற்கெனவே தடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கண்ணாடியை மாற்றிய கேமரா இருந்தால்தான் ஃபில்டருக்குக் கொடுத்த காசு வசூலாகும். வீட்டில் திருப்புளியோடு உட்கார்ந்து செய்யும் வேலை இல்லை அது, தெரிந்தவர்களிடம் கொடுங்கள். கேலக்ஸிகளுக்கும் கார்த்திகைக்கும் இந்த ஃபில்டர் உதவாது. அவை தருவது நட்சத்திர ஒளி, எல்லா நிறமும் கலந்தது. அவற்றுக்கு ஊர்த் தோட்டம்தான்.

சீஸ்டார் எஸ் 50 மாதிரி ஸ்மார்ட் தொலைநோக்கியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 50 மி.மீ. வாய், 250 மி.மீ. குவியத் தூரம், உள்ளேயே கேமராவும் டூயல் பேண்ட் ஃபில்டரும். மாடியில் வைத்துப் போனில் பெயரைத் தொட்டால் தானே தேடி, தானே எடுத்து, தானே அடுக்கும். படம்தான் குறிக்கோள், வேலையில் ஆர்வமில்லை என்றால் யோசிக்காமல் அதை வாங்குங்கள். அதன் தனித்தனி ஃப்ரேம்களையும் சேமித்து மேலே சொன்ன பிராசஸிங் முழுவதையும் பழகலாம் என்பது கூடுதல் நன்மை. உங்கள் கேள்வியின் தொனியைப் பார்த்தால் நீங்கள் அந்த வகை ஆள் என்று எனக்குத் தோன்றவில்லை.

எதையும் வாங்குவதற்கு முன் இருப்பதை வைத்து ஒரு முயற்சி செய்யுங்கள். தை அமாவாசைக்கு ஊருக்குப் போகும்போது கேனானும் 50 மி.மீ. லென்ஸும் ஒரு டிரைபாடும் போதும். டிராக்கர் இல்லாததால் ஒரு ஃப்ரேமுக்கு நான்கு வினாடி, எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 1600. ஓரியனின் வாளை (இடுப்புப் பட்டையான மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே தொங்கும் பகுதி, நெபுலா அங்கேதான்) நடுவில் வைத்து 400 ஃப்ரேம், மொத்தம் 27 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. வானம் நகர்ந்துகொண்டே இருக்கும், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மறுபடி நடுவில் கொண்டுவாருங்கள். டார்க், ஃப்ளாட், பயாஸ் எடுத்து, பெங்களூரு திரும்பியதும் சிரிலில் ஓட்டுங்கள். இளஞ்சிவப்பில் சிறகு விரித்த நெபுலா அந்த 27 நிமிடத்திலேயே வந்திருக்கும். அது போதவில்லை என்று தோன்றினால் அப்போது டிராக்கர் வாங்கலாம். வாங்கும் முன் பெங்களூரு அஸ்ட்ரானமிக்கல் சொசைட்டி மாதிரி உள்ளூர்க் குழுக்களில் யாராவது தங்கள் டிராக்கரை ஓர் இரவு தொட்டுப் பார்க்க விடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.